கூரை வேறு, இருக்கும் உரிமை வேறு
அந்நிய நாட்டில் குடியிருக்க இடம் தேடிய மிஷனரிமாரின் அனுபவத்திலிருந்து ஒரு பாடம்



புதிய ஊரொன்றில் தங்க இடம் தேடும் குடும்பம் முதலில் கேட்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. கூரை ஒழுகுமா? கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? வளவுக்குள் நாலு கத்தரிக் கன்று நட இடமுண்டா? எல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றோடு சேர்த்துக் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. களைத்து, நனைந்து, பிள்ளைகளோடு வந்து நிற்கும் நேரத்தில் அதைக் கேட்க எவருக்கும் வாய் வருவதில்லை. இந்த இடத்தில் எம்மை இருக்க விடுகிறவர் யார்? அவருக்கு அந்த அதிகாரம் உண்டா? அவர் மனம் மாறினால், அல்லது அவரே மாறிப் போனால், எமது நிலை என்ன?

இப் பாடத்திற்கு உதாரணமாக நாம் எடுத்துக்கொள்வது இருநூறு வருடங்களுக்கு முன்னர் கடல் கடந்து வந்த சில மிஷனரிக் குடும்பங்களை. அவர்களுக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவர்கள் விரும்பிப் புறப்பட்டவர்கள், நீங்கள் துரத்தப்பட்டவர்கள். அவர்களுக்குப் பின்னால் பணம் அனுப்ப ஒரு சங்கம் இருந்தது. ஆட்சி செய்தவர்களின் நிறமும் அவர்களுடைய நிறமும் ஒன்று. உங்களுக்கு இவை ஒன்றும் இல்லை. இருந்தும், வந்து இறங்கிய முதல் வருடத்தில் அவர்கள் பட்ட பாட்டை வாசிக்கும்போது, பல இடங்களில் “இது எங்கட கதை” என்று நீங்கள் சொல்லக்கூடும். அதனாற்றான் இதைத் தெரிந்தெடுத்தோம்.

கேரி குடும்பம்

வில்லியம் கேரி என்ற இங்கிலாந்துக்காரர் செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர், பின்னர் போதகரானவர். அவர் 1793 நவம்பரில் கல்கத்தாவில் வந்திறங்கினார். அவரோடு மனைவி டொரத்தி, டொரத்தியின் தங்கை, நான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. டொரத்திக்கு இந்தப் பயணத்தில் விருப்பம் இருக்கவில்லை. முதலில் மறுத்தார், கடைசி நேரத்தில், தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று இணங்கினார்.

அக்காலத்தில் வங்காளத்தை ஆண்டது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கொம்பனி. அதன் அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஐரோப்பியர் எவரும் அங்கே குடியிருக்க முடியாது. மிஷனரிமாருக்கு அந்தப் பத்திரத்தைக் கொம்பனி கொடுக்கவில்லை. கேரி குடும்பம் டென்மார்க் தேசத்துக் கப்பலில் ஏறி, பத்திரம் இல்லாமலே வந்து சேர்ந்தது. இன்றைய பேச்சில் சொன்னால், பதிவு இல்லாத குடும்பம்.

கையில் கொண்டுவந்த காசு சில வாரங்களிலேயே தீர்ந்துபோயிற்று. காசைக் கையாண்ட கூட்டாளி கடன்காரர். வந்து ஏழு மாதத்திற்குள் இந்தக் குடும்பம் நான்கைந்து தடவை இடம் மாறியது. கல்கத்தா வாடகை கட்டாது என்று ஆற்றோர ஊர் ஒன்றுக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள். நகரத்துக்கு வெளியே இந்தியர் ஒருவர் தமது தோட்ட வீட்டை இரவலாகக் கொடுத்தார். அது சிறியது, ஈரமானது. டொரத்தியும் மூத்த பிள்ளைகளும் வயிற்றோட்டத்தில் விழுந்தனர். 1794 இன் தொடக்கத்தில் வள்ளமேறிச் சுந்தரவனக் காட்டோரம் போனார்கள். அங்கே காடு வெட்டிக் கமம் செய்தால் நிலம் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. புலி திரியும் காடு. போய்ச் சேர்ந்தபோது கையில் சாப்பாட்டுக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. உப்பு இலாகாவில் வேலை செய்த சார்ள்ஸ் ஷோர்ட் என்ற ஆங்கிலேயர், முன்பின் அறியாத இந்த ஏழு பேரையும் தமது வீட்டில் ஏற்று வைத்துக்கொண்டார். சமயத்தில் நம்பிக்கை இல்லாதவர் என்று பெயரெடுத்தவர் அவர். எமது மக்களுக்கும் இப்படிப்பட்ட அனுபவம் உண்டு. எதிர்பார்த்த இடத்தில் கதவு சாத்தியிருக்கும்; எதிர்பாராத ஒருவர் பாயை விரித்துத் தருவார்.

கேரி காடு வெட்டத் தொடங்கினார். வீடு கட்ட மூங்கில் நட்டார். ஆனால் அங்கே நிலைக்கவில்லை. வடக்கே முட்னாபட்டி என்ற இடத்தில் அவுரித் தொழிற்சாலை ஒன்றை மேற்பார்வை செய்யும் வேலை கிடைத்தது. வேலையோடு வீடும் கிடைத்தது. அதைவிட முக்கியமானது, அவுரிச் செய்கையாளர் என்ற பெயரில் கொம்பனியின் நாட்டில் இருக்க அனுமதியும் கிடைத்தது. கூரையும் உரிமையும் ஒருமிக்கக் கைக்கு வந்த முதல் இடம் அதுதான். ஆனால் அந்த உரிமை வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும், நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். தோட்டத்து லயன்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

முட்னாபட்டி ஈரச் சதுப்பு நிலம். 1794 இல் அங்கே கேரியின் ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்தான். பிரேதத்தைத் தொட்டுத் தூக்கி அடக்கம் செய்ய அயலில் எவரும் எளிதில் முன்வரவில்லை. சாதி கெட்டுவிடும் என்ற பயம். அந்தச் சாவுக்குப் பின்னர் டொரத்தியின் மனம் தடுமாறத் தொடங்கியது. 1807 இல் இறக்கும்வரை அவர் முழுமையாகத் தேறவில்லை. கேரியைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. அவருடைய துணிவையும் பொறுமையையும் அவை பக்கம் பக்கமாகப் புகழ்கின்றன. டொரத்திக்கு ஒன்றிரண்டு வரி. எமது கருத்தில், ஒரு குடும்பம் இடம் மாறுவதால் வரும் செலவைக் கணக்குப் பார்க்கும்போது அந்தப் பெண்ணிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஓராண்டுக்குள் ஐந்து அடுப்பு மூட்டியவள் அவள்.

செராம்பூரில் ஒரே கூரையின் கீழ்

1799 ஒக்டோபரில் மார்ஷ்மன், வார்ட் முதலியோரும் அவர்களது குடும்பங்களும் இங்கிலாந்திலிருந்து வந்தனர். இவர்கள் கல்கத்தாவில் இறங்காமல் நேரே செராம்பூர் போனார்கள். கல்கத்தாவிலிருந்து ஆற்றுவழியே சிறிது தூரத்தில் உள்ள செராம்பூர் அன்று டென்மார்க்குக்காரரின் ஆட்சியில் இருந்தது. தமிழர் அறிந்த தரங்கம்பாடியைப் போல அதுவும் ஒரு டேனிஷ் குடியேற்றம். கொம்பனி இவர்களைப் பிடிக்க முயன்றபோது, செராம்பூர்த் தேசாதிபதி ஓலே பீ, இவர்கள் எமது பாதுகாப்பில் இருக்கிறார்கள் என்று மறுத்துவிட்டார். கேரி தமது அவுரித் தொழிலையும் அதில் போட்ட முதலையும் விட்டுவிட்டு 1800 ஜனவரியில் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அங்கே வாடகை அதிகம். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனி வீடு எடுக்க முடியாது. எனவே ஆற்றங்கரையில் பெரிய வளவோடு கூடிய ஒரு வீட்டை 6000 ரூபாவுக்கு வாங்கி, எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து வாழத் தீர்மானித்தார்கள். ஒரே சாப்பாட்டு மேசை. ஒரே பணப்பெட்டி. எவரும் தனக்கென்று தனியாக வியாபாரம் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். வீட்டு நிருவாகத்தை மாதத்துக்கு ஒருவராக முறைவைத்துப் பார்த்தார்கள். கேரியிடம் பணப்பெட்டியும் மருந்துப் பெட்டியும். ஹன்னா மார்ஷ்மன் அதே வருடத்தில் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். அதன் வருமானமும் பொதுப் பெட்டிக்கே போனது.

இவற்றுள் எமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. சனிக்கிழமை மாலையை அவர்கள் சண்டை தீர்ப்பதற்கென்றே ஒதுக்கினார்கள். வாரத்தில் யாருக்கு யாரோடு மனத்தாங்கல் வந்தாலும் அன்று கூடிக் கதைத்துத் தீர்த்துவிட வேண்டும். சமயப் பணி செய்ய வந்தவர்களுக்கே சண்டை வரும் என்பதை அவர்கள் முதல் மாதத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். நலன்புரி நிலையங்களிலும், ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருக்கும் இடங்களிலும் சண்டை எதிலிருந்து தொடங்குகிறது என்று நாம் பார்த்திருக்கிறோம். குழாயடி வரிசை, விறகு, மலகூடம் கழுவும் முறை, பிள்ளைகளின் அடிபிடி. பெரிய விடயம் எதுவும் இல்லை. ஆனால் அன்றன்றைக்கு விழுங்கிக்கொண்டு, ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கக்கும்போதுதான் கூட்டு வாழ்வு உடைகிறது. கிழமையில் ஒரு மாலை, குறித்த நேரம், எல்லோரும் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு சில நிலையங்களில் கைக்கொள்ளப்பட்டது. அது இருந்த இடங்களில் பொலிஸ் வரவேண்டி வந்தது குறைவு.

(வட்டமாக இருந்து வாசிப்பவர்கள் இங்கே சற்று நிறுத்தலாம். உங்கள் நிலையத்தில் அல்லது வீட்டில் இப்படியான மாலை ஒன்று உண்டா? அதில் பெண்கள் வாய் திறக்கிறார்களா?)

கப்பலிலேயே கழிந்த மாதங்கள்

1812 ஜூனில் அமெரிக்காவிலிருந்து சாமுவேல் நியூவெல் என்பவரும் அவரது மனைவி ஹரியெட்டும் வேறு சிலரும் கல்கத்தா வந்தனர். கேரி அவர்களை அன்போடு ஏற்றுச் செராம்பூரில் தங்க வைத்தார். கூரை இருந்தது; சாப்பாடு இருந்தது; அன்பும் இருந்தது. உரிமை மட்டும் இல்லை. 1806 இல் நடந்த வேலூர்ச் சிப்பாய்க் கலகத்திற்குப் பின்னர் கொம்பனி மிஷனரிமாரைச் சந்தேகத்தோடு பார்த்தது. போதாக்குறைக்கு அதே 1812 ஜூனில் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் யுத்தம் மூண்டது. நாட்டை விட்டுப் போகும்படி கட்டளை வந்தது.

நியூவெல் தம்பதியர் ஓகஸ்டில் மொரீசியஸ் தீவுக்குக் கப்பல் ஏறினர். ஹரியெட் கர்ப்பிணி. புயலும் ஒழுக்குமாகக் கப்பல் அலைந்தது. கடலிலேயே குழந்தை பிறந்து, சில நாட்களில் இறந்தது. மொரீசியஸ் சேர்ந்தபின், 1812 நவம்பர் 30 ஆந் திகதி ஹரியெட்டும் இறந்தார். அவருக்கு வயது 19. இருக்கும் உரிமை என்பது வெறும் கடதாசி விவகாரம் என்று நினைப்பவர்கள் இந்தத் திகதிகளை இன்னொரு முறை பார்க்கவேண்டும்.

தனியனாகிய நியூவெல் 1813 இல் இலங்கைக்கு வந்தார். ஏன் இலங்கை? 1802 முதல் இலங்கை பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சியில் இருந்தது. கொம்பனியின் சட்டம் இங்கே செல்லாது. கடலுக்கு அந்தப் பக்கம் குற்றமாக இருந்த ஒன்று இந்தப் பக்கம் அனுமதிக்கப்பட்டது. தேசாதிபதி பிரவுண்றிக் மிஷனரிமாரை விரும்பியவர். நியூவெல் யாழ்ப்பாணத்தையும் பார்த்துவிட்டு, அடுத்து வருகிறவர்களுக்கு ஏற்ற இடம் இதுவே என்று தமது சங்கத்துக்கு எழுதினார். சனம் நெருங்கி வாழும் இடம், பேசுவது தமிழ், அக்கரையில் தென்னிந்தியாவில் பேசுவதும் அதே தமிழ். அவர் பின்னர் பம்பாய் போய்விட்டார். ஆனால் அவர் செய்த வேலை எமக்கு முக்கியமானது. தான் இருக்கப்போகாத இடத்தைப் பின்னால் வருகிறவர்களுக்காகப் போய்ப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். மீள்குடியேறப் போகும் ஊரைப் பார்த்து வர நாலு பேரை முன்னே அனுப்புகிறோமே, அது போன்றது.

தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும்

1816 மார்ச்சில் டானியேல் பூவர், எட்வேர்ட் வாறன், ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ், பெஞ்சமின் மெய்க்ஸ் ஆகியோர் கொழும்பில் இறங்கினர். பிரவுண்றிக்கின் அனுமதி பெற்று அதே வருடத்தில் யாழ்ப்பாணம் வந்தனர். அங்கே அவர்களுக்கு முன் வந்து பழகியிருந்தவர்கள் உதவினார்கள். 1814 இல் வந்த லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்ற மெதடிஸ்த போதகர்களும், தமிழகத்திலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த கிறிஸ்தியான் டேவிட் என்ற தமிழ்ப் போதகரும் அவர்கள். எந்த ஊரில் தண்ணீர் நல்லது, எவரோடு முதலில் கதைக்கவேண்டும் என்பவற்றை அந்த ஊரில் இருந்து பழகிய ஒருவரே சொல்ல முடியும்.

வீடு எங்கே கிடைத்தது? இடிபாட்டில். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்துக் கோவிற்பற்று ஒவ்வொன்றிலும் ஒரு தேவாலயமும் அருகே ஒரு வீடும் கட்டியிருந்தனர். 1658 இல் ஒல்லாந்தர் அவற்றை எடுத்துக்கொண்டனர், திருத்தினர், சிலவற்றைப் புதிதாகக் கட்டினர். 1795 இல் பிரித்தானியர் வந்த பின்னர் அவற்றைப் பராமரிக்க ஆளில்லை. இருபது வருட மழையும் வெயிலும் தம் வேலையைச் செய்தன. கூரை விழுந்து சுவர் மட்டும் நின்ற தேவாலயங்கள், பழுதாகிப்போன வீடுகள், உள்ளே முளைத்த மரங்கள். எல்லாம் அரசின் உடைமை. இவற்றுள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இருந்தவற்றைப் பயன்படுத்தத் தேசாதிபதி இடமளித்தார்.

பூவரும் வாறனும் 1816 இன் இறுதிப் பகுதியில் தெல்லிப்பழைக்குப் போனார்கள். வட்டுக்கோட்டையில் பழுது அதிகம். எனவே றிச்சர்ட்ஸும் மெய்க்ஸும் பட்டினத்திலேயே தங்கியிருந்து, வீடு திருத்தப்பட்ட பின்னர் 1817 இன் நடுப்பகுதியிலேயே அங்கே குடிபோனார்கள். அவசரப்பட்டுப் பிள்ளைகுட்டிகளோடு இடிபாட்டுக்குள் புகாமல், ஒருவர் போய் வேலை பார்க்க மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நிற்பது என்ற முறையை நாம் இன்றும் சிபாரிசு செய்கிறோம்.

திருத்திய விதமும் கவனிக்கத்தக்கது. சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். அது நூற்றாண்டு தாங்கும். போனது கூரையும் கதவும் யன்னலும். கூரைக்கு யாழ்ப்பாணத்தில் கைக்கெட்டிய பொருள் பனை. வைரமேறிய பனைமரச் சிலாகையைக் கறையான் எளிதில் தொடாது. மேலே ஓலை வேய்ச்சல். ஓலை தீப்பிடிக்கும், வருடத்துக்கு வருடம் மாற்றவேண்டும். ஆனால் வெக்கையை வாங்கிக்கொள்ளும், வேய ஆளும் ஊரிலேயே உண்டு. அமெரிக்காவிலிருந்து ஓடு கொண்டுவரும் எண்ணம் அவர்களுக்கு வரவில்லை. பழைய சுவரை நம்பினார்கள். ஊர்ப் பொருளால் மூடினார்கள். இன்று மீள்குடியேறிய எத்தனையோ வளவுகளில் அத்திவாரமும் அரைச்சுவரும் நல்ல நிலையில் நிற்க, அதை இடித்துத் தள்ளிவிட்டுத் திட்டத்தில் கொடுத்த படத்தின்படி புதிதாகக் கட்டச் சொன்ன கதைகள் உண்டு. கடனும் மிஞ்சியது. பழைய அத்திவாரத்தை ஒரு நல்ல மேசனிடம் காட்டிக் கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வட்டுக்கோட்டைத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. தென்னிந்தியத் திருச்சபை யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயம் அதுவே.

கிணறும் அயலும்

வீடு கிடைத்ததும் ஊர் கிடைத்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறும் நீரே உயிர். கிணறு யாருடையது, அதில் யார் அள்ளலாம் என்பதில் ஊரின் சாதி ஒழுங்கு முழுவதும் அடங்கியிருந்தது. மிஷனரிமார் பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்கியபோது, உயர்சாதிப் பெற்றோர் படிப்பை விரும்பினார்கள். மிஷன் வளவுக்குள் சாப்பிடுவதையும் மிஷன் கிணற்றில் குடிப்பதையும் விரும்பவில்லை. அதற்காகப் பக்கத்து வளவில் தனியாகக் குசினி போடவேண்டியதாயிற்று.

மிஷன் ஏடுகளில் ஒரு கதை உண்டு. விடுதி ஒன்றில் மாணவர்கள் மிஷனரிமார் அள்ளும் கிணற்று நீரைக் குடிக்க மறுத்து, வெளியே போய் அள்ளினார்கள். போய்வரும் கஷ்டம் பொறுக்காமல் ஒரு நாள் தாமே ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாள் முழுவதும் அந்தக் கிணற்றை இறைத்தார்கள். ஊற்று ஊறிக்கொண்டே இருந்தது. மாலையில், தீட்டுப் பட்ட பழைய தண்ணீரெல்லாம் போய்விட்டது, இப்போதுள்ளது புதுத் தண்ணீர் என்று தீர்மானித்து, அன்றிலிருந்து அதிலேயே குடித்தார்கள். சிரிப்பாக இருக்கிறது. ஆனால் எவருக்கும் முகமிழப்பு இல்லாமல் ஒரு வழக்கத்தை மாற்ற அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழியை நாம் மெச்சுகிறோம்.

மிஷனரிமார் விட்டுக்கொடுத்தது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்து வளவுக் குசினி சாதிக்கு மரியாதை செய்தது, அதில் சந்தேகமில்லை. அதனால் முதலில் படிப்பு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் மறக்கக்கூடாது. இடம்பெயர்ந்த காலத்தில் நாமும் இதே கேள்விக்கு முகங்கொடுத்தோம். ஷெல்லுக்கு எல்லோரும் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தார்கள்; வெளியே வந்ததும் கிணற்றடியில் “நீங்கள் அள்ளவேண்டாம், நாங்கள் அள்ளி ஊத்துறம்” என்ற குரல் கேட்டது. அடைக்கலம் கொடுத்த ஊரின் கிணற்றில் யார் யார் அள்ளலாம் என்பதை முதல் நாளிலேயே வெளிப்படையாகக் கதைத்து, எல்லோருக்கும் திறந்த கிணறாக ஆக்கிக்கொள்வது நிலையப் பொறுப்பாளரின் கடமை. பிறகு கதைப்போம் என்று விட்டால் அந்தப் பிறகு வருவதில்லை.

தேசாதிபதி மாறியபோது

1819 இன் இறுதியிலும் 1820 இன் தொடக்கத்திலும் வின்ஸ்லோ, ஸ்போல்டிங், வூட்வேர்ட், வைத்தியர் ஜோன் ஸ்கடர் ஆகியோர் குடும்பங்களோடு யாழ்ப்பாணம் வந்தனர். உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று பழைய கோவிற்பற்று வளவுகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. எல்லாம் நன்றாகவே போயிற்று. அப்போது பிரவுண்றிக் நாடு திரும்பினார். அவரிடத்தில் அதிகாரம் ஏற்ற எட்வேர்ட் பார்ண்ஸ் வேறு விதமாக நினைப்பவர். 1820 ஓகஸ்டில் ஜேம்ஸ் கறற் என்ற அச்சுத் தொழிலாளர் மிஷனுக்கு வந்து சேர்ந்தார். அவர் இலங்கையில் இருக்கக்கூடாது என்று பார்ண்ஸ் கட்டளையிட்டார். இனி அமெரிக்க மிஷனரிமார் எவரும் புதிதாக வரவும் கூடாது. கறற் பம்பாய் போனார். இந்தத் தடை 1833 வரை நீடித்தது.

ஏற்கெனவே இருந்தவர்கள் இருக்க விடப்பட்டார்கள். ஆனால் பதின்மூன்று வருடம் புதிய கை ஒன்றும் இல்லை. வாறன் 1818 இல் இறந்திருந்தார். பூவரின் மனைவி சூசன் 1821 இலும், றிச்சர்ட்ஸ் 1822 இலும் தெல்லிப்பழையில் இறந்தனர். ஒரு பெரிய மனிதரின் நல்ல மனத்தில் மட்டும் தங்கியிருந்த உரிமை அவரோடு கப்பலேறிவிட்டது. எஞ்சியவர்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவதில் ஊன்றினார்கள். 1823 இல் வட்டுக்கோட்டை செமினரியும் 1824 இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தொடங்கின.

எமது வளவுகளுக்கு வருவோம்

பூவரும் வாறனும் கூரை வேய்ந்த அதே தெல்லிப்பழையிலிருந்தும் அதைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களிலிருந்தும் 1990 இல் சனம் எழும்பியது. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. 2009 இற்குப் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. இதற்கிடையில் ஒரு தலைமுறை பிறருடைய வளவுகளில் வளர்ந்துவிட்டது. வெளிநாடு போனவரின் வீட்டில், உறவினரின் தோட்டக் காணியில், கோவில் காணியில், அரச காணியில். பலருக்கு வாய்ச்சொல்லே உறுதி. “இருங்கோ தம்பி, நாங்கள் வரேக்க பாப்பம்” என்றவர் இறந்து, கனடாவில் இருக்கும் பிள்ளைகள் காணியை விற்க வந்து நிற்கும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

பத்து வருடம் இருந்தால் காணி சொந்தம் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் தனியார் காணிக்குப் பத்து வருட ஆட்சியைச் சொல்கிறது. ஆனால் அந்த ஆட்சி உரிமையாளருக்கு எதிரானதாக இருக்கவேண்டும். அவருடைய அனுமதியோடு இருந்தவருக்கு அந்த வருடங்கள் கணக்கில் சேராது. நன்றியோடு இருந்தவர் பின்னர் எதிரியாக வழக்குப் பேசுவதில் உள்ள மனவேதனை வேறு. மறுபக்கத்தில், யுத்தத்தால் தமது காணிக்குப் போக முடியாதிருந்தவர்களைக் காப்பதற்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது அதன் கருத்து. உங்கள் சொந்தக் காணியில் வேறொருவர் இருந்தாலும், நீங்கள் வேறொருவர் காணியில் இருந்தாலும், சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையிலோ நம்பிக்கையான சட்டத்தரணியிடமோ காட்டிக் கேளுங்கள்.

அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காணிக்காரரோடு இருந்து ஒரு கடதாசி எழுதுவது. அவர் வெளிநாட்டில் என்றால் அவருடைய கடிதத்தைப் பத்திரப்படுத்துவது. எழுதக் கேட்பது நம்பிக்கையீனம் என்று வெட்கப்படுகிறார்கள். உண்மையில் நல்ல உறவில் இருக்கும்போது எழுதுவதே எளிது. முகம் திரும்பிய பிறகு பேனா பிடிக்க எவரும் வரமாட்டார். காணியின் பெயரும் எல்லையும், எந்தத் திகதியிலிருந்து இருக்கிறீர்கள், வாடகை உண்டா இல்லையா, எழும்பச் சொன்னால் எத்தனை மாதத் தவணை, கிணறு யாருக்கெல்லாம் பொது என்பவற்றை எழுதுங்கள். தேங்காயும் பனம்பழமும் யாருக்கு என்பதையும் விடாமல் எழுதுங்கள். சண்டை அநேகமாக அங்கேதான் வரும். நீங்கள் கட்டிய அறையும், வெட்டிய மலகூடமும், போட்ட கூரைத் தகரமும் எழும்பும்போது யாருக்கு என்பதைக் கணக்கோடு எழுதுங்கள். தகரம் எத்தனை, எந்த வருடம் போட்டது, மரம் யாருடையது. இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். உங்கள் பிரதியைக் குடும்ப அட்டையோடும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடும் ஒரே பொலித்தீன் உறையில் கட்டி வையுங்கள். அந்த உறை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.